கேசட் கடைக்காரர் பதில்கள்: அந்த 12 பாட்டுக்கு அப்புறம் என்ன?

போன வாரம் லாஸ்பேட்டை தம்பி ஒருத்தரோட கடிதத்துக்கு "இடம் பத்தல, அடுத்த வாரம்"னு ஒரு வரி போட்டு நழுவிட்டேன். அதுக்குள்ள அதே விஷயத்தைச் சுத்தி இன்னும் நாலு பேர் எழுதிட்டாங்க. அதனால இந்த வாரம் முழுக்க பாட்டுதான். மூட்டு வலிக்கு என்ன எண்ணெய், பத்திரப்பதிவுக்கு எந்த நாள்னு கேட்டிருந்தவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த வாரம் பாப்போம்.

அண்ணா, நான் ஏசி மெக்கானிக். குயிலாப்பாளையம் பக்கம் ஒரு வீட்ல ஏசி கழட்டப் போனேன். அங்க இருந்த வெள்ளைக்காரர் வீட்டைக் காலி பண்ணிட்டு சொந்த ஊருக்கே போறாரு, கிளம்பறப்ப ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிடியை எங்கிட்ட குடுத்துட்டாரு. என் ஆம்னி வேன்ல பழைய சிடி பிளேயர் இன்னும் ஓடுது, ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன், பாதி என்னன்னே புரியல, ஒண்ணை மட்டும் வெளிய எடுக்கவே மனசு வரல. கேட் ஸ்டீவன்ஸ், கிரேட்டஸ்ட் ஹிட்ஸ், 12 பாட்டு. மூணு வாரமா அதான் ஓடுது. இங்கிலீஷ் அரைகுறைதான், ஆனாலும் ஒன்பதாவது பாட்டு வந்தா வண்டியை ஓரங்கட்டிடறேன். இவரு யாரு, இப்ப இருக்காரா, இந்த 12 போதுமா, அடுத்து எதைக் கேக்கறது? கஃபேல வேலை பாக்கற என் ஃப்ரெண்ட் "ஹிட்ஸ் சிடி கேக்கறவன்லாம் ரசிகனே இல்லடா"ன்னு சிரிக்கறான். அது சரியா?
— லாஸ்பேட்டை வாசகர், புதுச்சேரி

தம்பி, மொதல்ல அந்த ஃப்ரெண்டுகிட்ட ஒண்ணு கேளுங்க, நீ இளையராஜாவை எங்கடா மொதல்ல கேட்டேன்னு. படம் வந்த வருஷ வரிசைப்படி உக்காந்து கேட்டிருப்பானா? பாண்டி டு கடலூர் பிரைவேட் பஸ்லதான் கேட்டிருப்பான். அரியாங்குப்பத்துல ஒரு பாட்டு, தவளக்குப்பத்துல ஒரு பாட்டு, கன்னியக்கோயில் தாண்டறப்ப ஒண்ணு, டிரைவர் கைக்கு எந்த பாட்டு வந்துச்சோ அதான் நமக்கு வந்துச்சு. நம்ம ஊர்ல எல்லாருமே ஹிட்ஸ் வழியா உள்ள வந்தவங்கதான், சில பேர் வந்த வழியை மறந்துட்டாங்க, அவ்வளவுதான்.

ஆனா உங்க ஃப்ரெண்டு சொல்றதுல ஒரு துளி நியாயம் இருக்கு, அதை ஏன் சொல்றேன்னா நானே அந்தப் பாவத்தை செஞ்சவன். மஞ்சக்குப்பத்துல ரெக்கார்டிங் சென்டர்ல நான் உக்காந்திருந்த காலத்துல ஆளுங்க ரூல்டு பேப்பர்ல லிஸ்ட் எழுதிட்டு வருவாங்க, நாங்க 60 கேசட்டா 90 கேசட்டான்னு கேட்டுட்டு பதிவு பண்ணிக் குடுப்போம். லிஸ்ட் இல்லாம வர்றவங்களுக்காக கடையிலயே "சோகம்", "ஜோடி", "மெலடி"ன்னு ரெடியா சில கேசட் வச்சிருப்போம். அதுல எந்தப் பாட்டு இருக்கும் எது இருக்காதுன்னு யாரு முடிவு பண்றது? நான்தான். எப்படி? ஒரு சைடுக்கு 30 நிமிஷம், கடைசில மூணரை நிமிஷம் மிச்சம் இருக்கு, அஞ்சு நிமிஷப் பாட்டு எவ்வளவு உசத்தியா இருந்தாலும் வெளிய நிக்கும், சுமாரான பாட்டு மூணு நிமிஷம் இருபது செகண்டா இருந்தா உள்ள வந்துடும். பின்னாடி அந்த கேசட்டைக் கேட்டவங்க "இவரோட பெஸ்ட்டு இதான்"னு நினைச்சாங்க. இல்லைங்க, மிச்சம் இருந்த நாடாவுக்குப் பொருந்தினது அது. ஒரு தடவை கல்யாணத்துக்குக் கிஃப்டா குடுக்க ஒருத்தர் மெலடி கேசட் கேட்டாரு, நான் நேரத்தை மட்டும் பாத்து பொண்டாட்டி செத்துப்போன சிச்சுவேஷன் பாட்டு ஒண்ணை கடைசில சொருகிட்டேன், மறுநாள் அவரு கடை வாசல்ல நின்னு விட்ட டோஸு இருக்கே, அதை இங்க எழுத முடியாது.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க. ஹிட்ஸ் ஆல்பம் அந்தக் கணக்கு கிடையாது. பதம் பாக்க எடுக்கற சோறு கைக்கு வந்த சோறு. இதுல நல்லா வெந்து மல்லிப்பூ மாதிரி இருக்கறதை மட்டும் பொறுக்கி இலைல வெக்கறாங்க, அடிப்பிடிச்சதும் தெரியாது, அந்த அடிச்சோத்து ருசியும் தெரியாது.

சரி, ஆளு யாருன்னு வருவோம். சொந்தப் பேரு ஸ்டீவன் டெமீட்ரி ஜியார்ஜியு. 1948 ஜூலைல லண்டன்ல பொறந்தவரு, அப்பா சைப்ரஸ் கிரேக்கர், அம்மா ஸ்வீடன்காரங்க, தியேட்டரும் லைட்டுமா இருக்கற ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூல ஹோட்டல் கடை வச்சிருந்தாங்க, மேல் மாடியில வீடு. அதாவது நம்ம நேரு வீதி மாதிரி ஒரு சந்தடியில வளந்த பையன். 1967ல, இன்னும் 19 கூட முடியல, "மேத்யூ அண்ட் சன்"னு ஒரு பாட்டு இங்கிலாந்துல ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு. கோட்டு சூட்டு, பின்னாடி ட்ரம்பெட்டு, ஆர்கெஸ்ட்ரா, டூர் மேல டூரு, தூக்கம் கிடையாது, குடி வேற. இருபது வயசு வாக்குல டிபி வந்து ஆஸ்பத்திரில படுத்துட்டாரு, பொழைப்பாரான்னே சந்தேகம். மாசக்கணக்குல படுக்கை, அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ஓய்வு. அந்தப் படுக்கைலதான் ஆளு மாறுறாரு. தியானம், புஸ்தகம், தாடி, கையில ஒரு கிட்டாரு. எழுந்து வந்தப்ப பாட்டும் மாறியிருந்துச்சு, ஆர்கெஸ்ட்ராவைக் கழட்டி வச்சுட்டு கிட்டாரு, கொஞ்சம் டிரம்ஸு, கொஞ்சம் பியானோ, நடுவுல அந்தக் குரலு, அவ்வளவுதான். நீங்க வேன்ல கேக்கறது இந்த ரெண்டாவது பொறவி ஆளை.

இப்ப உங்க 12 பாட்டைப் பிரிச்சுப் போட்டுக் காட்டறேன், கடைக்காரன் புத்தி போகல எனக்கு. 1970ல வந்த "டீ ஃபார் த டில்லர்மேன்" ஆல்பத்துல இருந்து மூணு. 1971ல வந்த "டீசர் அண்ட் த ஃபயர்கேட்"ல இருந்து மூணு. 1972 "கேட்ச் புல் அட் ஃபோர்"ல ரெண்டு, 1974 "புத்தா அண்ட் த சாக்லேட் பாக்ஸ்"ல ரெண்டு. மிச்சம் ரெண்டு அந்த ஆல்பம் எதுலயும் சேராத பாட்டு, அதுல "அனதர் சாட்டர்டே நைட்" அவரு எழுதினதே இல்ல, சாம் குக்னு ஒரு பெரிய அமெரிக்கப் பாடகர் எழுதினது. ஒருத்தர் சொந்தமா எழுதிப் பாடறாருங்கறதுக்காகவே நாம கேக்கற ஆல்பத்துல கடைசிப் பாட்டு அடுத்தவரோடது, கவனிச்சீங்களா? ஹிட்டாச்சு, அதனால உள்ள வந்துச்சு. "மார்னிங் ஹேஸ் புரோக்கன்" வரிகளும் அவரோடது இல்ல, அதை அடுத்த கடிதத்துல சொல்றேன்.

இப்ப இதுல யாரு இல்லன்னு பாருங்க, அதான் முக்கியம். "மேத்யூ அண்ட் சன்" இல்ல, அது வேற கம்பெனிக்குப் பாடினது. 1970 ஏப்ரல்ல வந்த "மோனா போன் ஜேக்கன்" ஆல்பத்துல இருந்து ஒண்ணு கூட இல்ல, அதுல இருந்த "லேடி டார்பன்வில்" இங்கிலாந்துல 8வது இடம் வரைக்கும் போன பாட்டு, இருந்தும் இடம் கிடைக்கல. 1973ல "ஃபாரினர்"னு ஒரு ஆல்பம், அதுல இருந்தும் பூஜ்யம். ஏன்னா அதுல ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 18 நிமிஷம். எல்பிங்கற அந்தக் காலத்துப் பெரிய இசைத்தட்டுல ஒரு பக்கமே இருபது நிமிஷம் சில்லறைதான், ஹிட்ஸ் ஆல்பத்துல அதைப் போட்டா மத்த அஞ்சு பாட்டு ரோட்டுல நிக்கும். என் 60 கேசட் கதையேதான், ஊரு மட்டும் வேற.

இன்னொண்ணு, இந்த ஆல்பம் வந்தது 1975ல. அப்ப அவருக்கு வயசு 27 கூட சரியா ஆகல. மிகச்சிறந்த பாட்டுங்கன்னு பேர் வச்சுட்டாங்க, அதுக்கு அப்புறமும் கேட் ஸ்டீவன்ஸ்ங்கற பேர்ல மூணு ஆல்பம் வந்துச்சு. பாதி பந்தி நடக்கறப்பவே பாயசம் போட்ட மாதிரி. அந்தச் சமயத்துலதான் அமெரிக்காவுல மாலிபு கடல்ல நீந்தப் போயி திரும்பி வர முடியாம மூழ்கப் பாத்தாரு, காப்பாத்துனா உனக்காக உழைக்கறேன்னு கடவுள்கிட்ட கத்தினாராம், ஒரு அலை வந்து கரைப்பக்கம் தள்ளிச்சாம், இது அவரே சொன்ன கதை. அண்ணன் குடுத்த குர்ஆனைப் படிச்சு 1977ல இஸ்லாத்துக்கு மாறினாரு, அடுத்த வருஷம் யூசுஃப் இஸ்லாம்னு பேரை வச்சுக்கிட்டாரு, கிட்டாரையெல்லாம் தர்மத்துக்கு ஏலம் விட்டுட்டு சினிமா நடிகர் சாமியாரானா ஊரு பேசுமே அந்த மாதிரி ஊரு பேச பேச ஒதுங்கிட்டாரு. பள்ளிக்கூடம் நடத்தினாரு. பாப் பாட்டுக்குத் திரும்பினது 2006ல. 2014ல அமெரிக்காவுல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தாங்க, 2023ல இங்கிலாந்துல கிளாஸ்டன்பரி இசை விழாவுல 74 வயசுல மேடையேறினாரு. யூசுஃப், கேட் ஸ்டீவன்ஸ்னு ரெண்டு பேரையும் சேத்தே போட்டுக்கறாரு இப்பல்லாம்.

இப்ப உங்க ஒன்பதாவது பாட்டு. "ஃபாதர் அண்ட் சன்." இங்கிலீஷ் அரைகுறைன்னீங்க, அரைகுறையே போதும், ஏன்னா அதுல சேதி குரல்லயே இருக்கு. கீழ்க்குரல்ல நிதானமா பேசறது அப்பா. அவசரப்படாதடா, இரு, நானும் உன் வயசைத் தாண்டி வந்தவன்தான்கற மாதிரி. மேல போற குரலு புள்ள, நான் சொல்றதைக் கேட்டாதானே, பேச ஆரம்பிச்சதுல இருந்தே வாயை மூடிக் கேளுன்னுதானே சொல்றீங்கன்னு பொங்கறான். ரெண்டும் ஒரே ஆளு பாடினது. அப்பாவும் புள்ளையும் ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேக்கறதே இல்ல பாருங்க, கடைசில ரெண்டு குரலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது, அப்பவும் பதில் வராது. நம்ம வீட்ல சாப்பாட்டு நேரத்துல நடக்கறது இதானே. மொதல்ல இதை ரஷ்யப் புரட்சி பத்தின ஒரு மேடை நாடகத்துக்காக எழுத ஆரம்பிச்சாரு, புள்ள புரட்சிக்குப் போறேங்கறான், அப்பா நிலத்தைப் பாருங்கறாரு. அந்த நாடகம் நடக்கவே இல்ல, பாட்டு மட்டும் தப்பிச்சு வந்துடுச்சு. வந்த காலத்துல இது பெரிய ஹிட்டெல்லாம் கிடையாது. இங்கிலாந்துல ரெண்டாவது இடம் வரைக்கும் போனது 1995ல பாய்சோன்னு ஒரு பசங்க குரூப்பு பாடினப்பதான். ஆக ஹிட்டே ஆகாத பாட்டையும் 1975லயே எவரோ ஒருத்தர் காது குடுத்துக் கேட்டு இந்த 12ல வச்சிருக்காரு, பொறுக்கினவரை முழுசா திட்டவும் முடியல நம்மளால.

இதுல நான் எத்தனை தடவை நினைச்சாலும் தீராத ஒரு விஷயம் இருக்கு. 2020ல இந்தப் பாட்டு இருக்கற "டீ ஃபார் த டில்லர்மேன்" ஆல்பத்தையே அவரு மறுபடி முழுசா பாடி வெளியிட்டாரு, பேரு "டில்லர்மேன் 2", வயசு 72. இந்தப் பாட்டு வர்றப்ப என்ன பண்ணினாருன்னா அப்பா பாகத்தை மட்டும் இப்போதைய குரல்ல பாடிட்டு, புள்ள பாகத்துக்கு 1970ல லாஸ் ஏஞ்சலிஸ் ட்ரூபடோர் கிளப்புல பாடின பழைய லைவ் பதிவை எடுத்துச் சேத்துட்டாரு. அதாவது 22 வயசு பையன் பொங்கறான், 72 வயசுல அவனே அப்பாவா உக்காந்து இருடான்னு சொல்றான். நான் இதை வீட்ல போட்டப்ப எம்புள்ள "என்னப்பா கிராஃபிக்ஸா"ன்னு கேட்டுட்டு போன்ல இருந்து தலையைத் தூக்காம போயிட்டான். அவன் பாகத்தை அவன் பாடிட்டான்.

அடுத்து எதுன்னு கேட்டீங்க. எல்லாரும் "டீ ஃபார் த டில்லர்மேன்"தான்பாங்க, தப்பில்ல, ஆனா நான் மொதல்ல "மோனா போன் ஜேக்கன்" கேளுங்கன்னு சொல்லுவேன். அதுல ஒரு பாட்டு கூட உங்களுக்குத் தெரியாது, அதான் காரணம். தெரிஞ்ச பாட்டு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கற வியாதி ஹிட்ஸ் கேட்டவங்க எல்லாருக்கும் இருக்கும், இதுல காத்திருக்க ஒண்ணுமே இல்லாததால காது தானா தொறக்கும். படுக்கைல இருந்து எழுந்த உடனே செஞ்ச ஆல்பம் அது, "ட்ரபிள்"னு ஒரு பாட்டு, கஷ்டத்தையே ஆளா எதிர்ல நிக்க வச்சு போதும்பா போயிடுன்னு கேக்கற மாதிரி இருக்கும், உடம்பு தேறி வந்தவங்களுக்கு அந்தக் குரல்ல இருக்கற பயம் தெரியும். "காட்மாண்டு"ன்னு ஒண்ணு, அதுல ஃபுளூட் வாசிக்கற பொடியன் பின்னாடி பெரிய பாடகரான பீட்டர் கேப்ரியல். தயாரிச்சவரு பால் சாம்வெல் ஸ்மித், அவருதான் கூட்டம் சேக்காம வெறும் கிட்டாரோட விட்டவரு, பக்கத்துல அலுன் டேவிஸ்ங்கற இன்னொரு கிட்டார்காரர், இந்த ஜோடிச் சத்தம்தான் உங்க சிடி முழுக்க கேக்கறது.

அதுக்கப்புறம் "டில்லர்மேன்" முழுசா, வரிசை மாத்தாம. ஹிட்ஸ்ல "ஃபாதர் அண்ட் சன்" முடிஞ்ச உடனே வேற வருஷத்துப் பாட்டு "சிட்டிங்" வந்து உக்காந்துக்கும். ஆல்பத்துல அப்படி இல்ல, அப்பன் புள்ள சண்டை தீராம நிக்க, அடுத்து ஒரே ஒரு நிமிஷப் பாட்டு வருது, கடைசில எல்லாரும் சேந்து கத்தி முடிச்சுடறாங்க, கண்ணீரோட உக்காந்திருந்த ஆளை யாரோ முதுகுல தட்டி எழுப்பின மாதிரி இருக்கும். அதை 12 பாட்டுல எந்த வகையிலயும் குடுக்க முடியாது. அங்கதான் "சேட் லிசா"வும் "வேர் டூ த சில்ட்ரன் பிளே"யும் இருக்கு, ரெண்டும் உங்க சிடில இல்ல. அட்டைப்படம் பாருங்க, அது அவரே வரைஞ்சது.

உங்க சிடில இருக்கற "மூன்ஷேடோ" பத்தி மட்டும் ஒண்ணு சொல்லிடறேன். லண்டன் லைட்டு வெளிச்சத்துலயே வளந்ததால நிலா வெளிச்சத்துல தன் நிழல் விழும்னே அவருக்குத் தெரியாதாம், ஸ்பெயின்ல கடற்கரைப் பக்கம் போனப்பதான் மொத தடவை பாத்தாராம். கை போனா என்ன, கண்ணு போனா என்னன்னு ஒவ்வொண்ணா இழக்கறதைச் சிரிச்சுக்கிட்டே எண்ணுற பாட்டு அது. பௌர்ணமிக்கு வீராம்பட்டினம் பக்கம் லைட்டு இல்லாத எடமா பாத்து நடந்து பாருங்க, நமக்கு இது மாசா மாசம் ஓசில கிடைக்குது.

சிடியை மட்டும் வித்துடாதீங்க. 12ம் எனக்கு மனப்பாடம், இருந்தும் அப்பப்ப அதையேதான் போடறேன்.

சார், "மார்னிங் ஹேஸ் புரோக்கன்" எங்க கான்வென்ட்ல காலை பிரேயர்ல பாடின பாட்டு. சிஸ்டர் ஆர்மோனியம் வாசிப்பாங்க. அது இவரோட பாட்டா? நாங்க சாமி பாட்டுன்னுல்ல நினைச்சுட்டு இருந்தோம்!
— கடலூர் முதுநகர் வாசகி

சாமி பாட்டேதாம்மா, நீங்க நினைச்சது சரி. வரிகள் எலினார் ஃபார்ஜன்ங்கற இங்கிலீஷ் எழுத்தாளரம்மா எழுதினது, 1931ல பாட்டுப் புஸ்தகத்துல அச்சாச்சு. மெட்டு அதைவிட பழசு, ஸ்காட்லாந்து தீவுல ஒரு ஊர்ப்பேரு வச்ச மெட்டு, புனெஸன்னு பேரு. கேட் ஸ்டீவன்ஸ் 1971ல அதை எடுத்துப் பாடினாரு, அமெரிக்காவுல 6வது இடம் வரைக்கும் போச்சு. ஆரம்பத்துல பியானோ ஓடி வரும் பாருங்க, அதை வாசிச்சவரு ரிக் வேக்மன், ஆல்பத்துல அவரு பேரையே போடல. பியானோவை எடுத்துட்டா அந்தப் பாட்டுல பாதி போயிடும், பேரு மட்டும் வேண்டாமாம். உங்க சிஸ்டர் பேராவது ஸ்கூல் ஆண்டு மலர்ல வந்துச்சா?

அண்ணா, தானே எழுதி தானே மெட்டுப் போட்டு தானே பாடறவங்க நம்ம தமிழ்ல ஏன் இல்ல?
— நெல்லிக்குப்பம் வாசகர்

இல்லைன்னு யாரு சொன்னது? சினிமால எழுதறவரு ஒருத்தர், மெட்டு ஒருத்தர், பாடறவரு ஒருத்தர்னு பிரிச்சுட்டதால நமக்கு அப்படித் தோணுது. சினிமாலயே கங்கை அமரன் மூணும் பண்ணினவரு, டி.ராஜேந்தர் மூணோட நிக்காம மிச்சத்தையும் பண்ணினவரு. சினிமாவை விட்டு வெளிய வந்தா, பாண்டில 1908ல இருந்து 1918 வரைக்கும் பத்து வருஷம் குடியிருந்தாரே பாரதி, அவரு வேற யாரு? ராகம் தாளம் குறிச்சு எழுதி தானே பாடினவரு. கண்ணன் பாட்டு, குயில் பாட்டெல்லாம் இங்க எழுதினதுதான். அவரு குரல் பதிவே நமக்குக் கிடையாது, அந்த வயிறெரிச்சல் வேற. நாம அவரைக் கேக்கறதும் ஹிட்ஸ் கணக்குலதான், சினிமாலயும் கச்சேரிலயும் வந்த பத்துப் பதினஞ்சு பாட்டைத் தாண்டி ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? ஈஸ்வரன் தருமராஜா கோயில் தெருவுல அவரு இருந்த வீட்டுக்குப் பள்ளிக்கூடத்துப் பசங்களைக் கூட்டிட்டுப் போறாங்க, போயிட்டு வந்து அதே ரெண்டு பாட்டைத்தான் பாடுதுங்க.

இன்னும் பின்னாடி போனா நம்ம மாவட்டத்துலயே பொறந்தவரு இருக்காரு. பண்ருட்டி பக்கம் திருவாமூர்ல பொறந்த அப்பர். கல்லோட கட்டிக் கடல்ல போட்டப்ப பாடிக்கிட்டே மிதந்து கரையேறின எடம்னு கடலூர்ல கரையேறவிட்ட குப்பம்னே ஒரு ஊரு இருக்கு. இப்ப இதைக் கேளுங்க, லாஸ்பேட்டை தம்பியும் கேக்கட்டும். தேவாரம் இப்ப நம்ம கையில இருக்கறது ஏறக்குறைய 800 பதிகம், அதுவே சிதம்பரத்துல செல்லரிச்சது போக மிச்சம்னு சொல்றாங்க. சிவாலய முனிவர்னு ஒருத்தர் இதை மொத்தமா தினமும் பாடி முடிக்கணும்னு ஆசைப்பட்டாராம், ஒரு நாள்ல முடியுமா? அப்ப அகத்தியர் வந்து 25 பதிகத்தைப் பொறுக்கிக் குடுத்து, இதைப் பாடினா மொத்தமும் பாடின பலன்னாராம். அகத்தியர் தேவாரத் திரட்டுன்னு இன்னிக்கும் புஸ்தகமா கிடைக்குது. ஹிட்ஸ் ஆல்பம் எல்லாம் எல்பி கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். அதுலயும் ஒரு ருசி பாருங்க, அந்த 25ஐ வச்சுக்கிட்டவங்க மிச்சத்தைத் தூக்கிப் போடல, ஓதுவாருங்க அதையும் ஓதிக்கிட்டுதான் இருக்காங்க.

போன்ல எல்லாப் பாட்டும் கொட்டிக் கெடக்கு. இன்னும் ஆல்பம், சிடின்னு பேசறது பழைய ஆளுங்க பெருமை தானே?
— முத்தியால்பேட்டை வாசகர்

ஆமா, பெருமைதான். கொட்டிக் கெடக்கறது உண்மை, ஆனா போன் உங்களுக்கு நீட்டறதும் ஹிட்ஸ்தான், மேல இருக்கற பத்துப் பாட்டு. மஞ்சக்குப்பத்துல நான் இருந்த சீட்ல இப்ப ஒரு கம்ப்யூட்டர் உக்காந்திருக்கு. எங்கிட்டயாவது வாசல்ல நின்னு டோஸு விடலாம்.

அப்புறம் ஒண்ணு, "ஹெரால்ட் அண்ட் மாட்"னு 1971ல வந்த ஒரு படத்துக்காக கேட் ஸ்டீவன்ஸ் எழுதின ரெண்டு பாட்டு பதிமூணு வருஷம் எந்த ரெக்கார்டுலயும் வரல, 1984ல ரெண்டாவது ஹிட்ஸ் ஆல்பத்துலதான் வந்துச்சு, பேரு "ஃபுட்ஸ்டெப்ஸ் இன் த டார்க்". ஹிட்டே ஆகாம, ரெக்கார்டே ஆகாம கெடந்த பாட்டுக்கு ஹிட்ஸ் ஆல்பத்துல எடம். ஆல்பம்னா பெருமைன்னு சொல்ற உங்களுக்கும், ஹிட்ஸ்னா கேவலம்னு சொல்ற அந்த கஃபே தம்பிக்கும் சேத்து சொல்றேன்.

சிடில கீறல் விழுந்து ஒரே எடத்துல திக்குது. டூத் பேஸ்ட் தேச்சா சரியாகும்ங்கறாங்களே, நெஜமா?
— அரியாங்குப்பம் வாசகர்

லேசான கீறல்னா சில சமயம் ஆகும். பளபளன்னு இருக்கற பக்கத்துல விழுந்த கீறல்னா மட்டும்தான், ஏன்னா அந்தப் பக்கம் மேல இருக்கறது வெறும் பிளாஸ்டிக், பாட்டு அதுக்கு அந்தாண்ட இருக்கு. பேர் அச்சடிச்ச பக்கம்தான் ஆபத்து, அச்சுக்கு நேர் கீழயே பாட்டு இருக்கற மெல்லிசு படலம், அங்க கீறினா அதோட கதை முடிஞ்சுது. பேஸ்ட்னா வெள்ளை பேஸ்ட், கலர் ஜெல் வேண்டாம். மெத்துன்னு பருத்தித் துணில தொட்டு நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேர்கோட்டுல தேய்க்கணும், தோசைக்கல்லு மாதிரி வட்டமா தேச்சீங்கன்னா பாட்டு ஓடற திசையிலயே புதுக் கீறல் விழும், அப்புறம் மிச்சப் பாட்டும் திக்கும். தண்ணில அலசி, நிழல்ல காய வச்சு, அதுக்கப்புறம் போடுங்க. கடல் பக்கம் வீடுன்னா சிடியைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சு பூஞ்சை புடிக்க விடாதீங்க, பெட்டியிலயே வைங்க.